இணையத்தில் வந்தது உண்மைதானா? சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் நகலெடுக்கவும் படிவம் நிரப்பவும் ஒரு சிறு கடை நடத்தி வருகிறேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய வீடமைப்புகளிலிருந்தும் வருபவர்கள் கைப்பேசியை நீட்டி, "அக்கா, இதை அச்செடுத்துக் கொடுங்கள்" என்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது உண்மைதானா?" என்பார்கள். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே கணக்குப் புத்தகத்தின் பின்பக்கங்களில் குறித்து வைத்தேன். திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு நான் சொல்லும் விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

உண்மையா பொய்யா என்று பார்த்த உடனே சொல்லிவிட முடியாதா, அக்கா?

முடியாது. ஆனால் நாம் எல்லாரும் பார்த்த உடனேதான் முடிவு செய்கிறோம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-இல் 2,684 பேரிடம் இணையத்தளங்களைக் காட்டி, எதை வைத்து நம்புகிறீர்கள் என்று கேட்டார்கள். வந்த கருத்துகளில் 46.1 விழுக்காடு தளத்தின் தோற்றத்தைப் பற்றியவை. எழுதியவர் யார், அவருக்கு அது எப்படித் தெரியும் என்பவை அதற்குப் பின்னால்தான் வந்தன.

தோற்றம் எவ்வளவு மலிவானது என்பது என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அரசாங்கச் சின்னம், முத்திரை, கையெழுத்து ஆகிய மூன்றும் உள்ள ஒரு கடிதத்தைக் கணினியில் உருவாக்கப் பத்து நிமிடம் போதும். ஆகவே கடிதம் எப்படி இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, அதைச் சொன்னவர் யார் என்று தேடத் தொடங்குங்கள். கீழே உள்ள விடைகளில் பெரும்பாலானவை இந்தத் தேடலைப் பற்றியவையே.

அனுப்பியவன் என் சொந்த மருமகன். அவன் எதற்கு என்னிடம் பொய் சொல்லப் போகிறான்?

உங்கள் மருமகன் பொய் சொல்லவில்லை. அவர் எதையும் சொல்லவே இல்லை. வந்ததை அனுப்பினார், அவ்வளவுதான். சொன்னவர் ஒருவர், அனுப்பியவர் வேறொருவர். அனுப்பியவர் மீது நமக்குள்ள பாசம், முகமே தெரியாத அந்தச் சொன்னவருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நான் பார்த்த ஏமாற்றங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்கின.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வாழ்ந்த காலத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாய் இருந்தது. சம்பளத்தைப் பற்றிய பேச்சு தோட்டக் கணக்கரான கிராணியிடமிருந்து வந்ததா, கடைக்காரரிடமிருந்து வந்ததா என்று கேட்ட பிறகே எடை போட்டார்கள். யார் கூட்டிச் சொல்வார், யார் கண்டதை மட்டும் சொல்வார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வாட்ஸ்அப் என்னும் புலனத்தில் வரும் செய்தி அந்த வாயிலிருந்து அறுந்து வருகிறது. அதை மீண்டும் ஒட்டிப் பார்க்க ஒரே வழி, மருமகனிடம் "உங்களுக்கு இதை யார் அனுப்பினார்?" என்று கேட்பதுதான். இரண்டு மூன்று பேரைத் தாண்டியதும் பெரும்பாலும் "ஏதோ ஒரு குழுவில் வந்தது" என்ற பதிலில் அந்தத் தேடல் நின்றுவிடும். அங்கே நின்றுவிட்டால் அந்தச் செய்திக்குச் சொன்னவர் இல்லை என்று பொருள்.

செய்தியின் மேலே இரண்டு அம்புக்குறி இருந்தால் பொய் என்கிறார்களே?

அப்படி இல்லை. ஒருவர் பெற்றதை மற்றவருக்கு அனுப்பும்போது தோன்றும் அடையாளத்தைப் புலனம் 2018-இல் கொண்டுவந்தது. இரட்டை அம்புக்குறி 2019-இல் வந்தது. அந்தச் செய்தி குறைந்தது ஐந்து கைகள் மாறி வந்திருக்கிறது என்பதே அதன் பொருள். 2020 ஏப்ரல் முதல் அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடிகிறது. நல்ல தகவலும் ஐந்து கை மாறலாம். ஒருவர் வரிகளை நகலெடுத்துப் புதிதாக ஒட்டி அனுப்பினால் அம்புக்குறி மறைந்துவிடும். ஆகவே அம்புக்குறி இருந்தால் கேள்வி கேளுங்கள், இல்லாவிட்டாலும் கேளுங்கள்.

ஐந்து குழுவிலும் இதேதான் வந்திருக்கிறது. நெருப்பில்லாமல் புகையுமா?

ஐந்து குழுவிலும் ஒரே வரி, ஒரே எழுத்துப்பிழையோடு வந்திருந்தால் சாட்சி ஒருவர்தான். வேலைக்கு ஆள் எண்ணும் காலைப் பெரட்டில் ஒரே ஆள் ஐந்து முறை பெயர் கொடுத்தால் கிராணி ஐந்து ஆள் என்று எழுதமாட்டார்.

அடிக்கடி கேட்ட வாக்கியம் உண்மை போலத் தோன்றத் தொடங்கும் என்பதை 1977-லேயே மனவியல் ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டிவிட்டார்கள். டுவிட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, பொய்ச் செய்திகள் மெய்ச் செய்திகளைவிட வேகமாகவும் தொலைவாகவும் பரவின என்று கண்டது. அதற்குத் தானியங்கிக் கணக்குகள் காரணமில்லை, புதுமையும் வியப்பும் தேடும் மனிதர்களே காரணம் என்றும் அது சொன்னது. பரவிய அளவைக் கொண்டு செய்தி எவ்வளவு சுவையானது என்று சொல்லலாம். எவ்வளவு உண்மை என்று சொல்ல முடியாது.

அரசாங்கப் பணத்துக்கு இணைப்பு வந்திருக்கிறது. அழுத்தலாமா?

அழுத்த வேண்டாம். பணம் உண்மையானதாக இருந்தாலும் இணைப்பு பொய்யாக இருக்கலாம். 2025 ஜூலையில் 18 வயது நிரம்பிய குடிமக்கள் அனைவருக்கும் 100 ரிங்கிட் என்று பிரதமர் அறிவித்தார். அதைக் கேட்ட பலரும் முதலில் வழக்கமான பொய் என்றே நினைத்தார்கள். ஆனால் அறிவிப்பு உண்மை. அந்தத் தொகை அடையாள அட்டை வழியாகத் தானாகவே வழங்கப்பட்டது. யாரும் எங்கும் பதிவு செய்யத் தேவை இருக்கவில்லை. ஆகவே அந்த 100 ரிங்கிட்டைப் பெறப் பதிவு செய்யுங்கள் என்று எந்த இணைப்பு வந்திருந்தாலும் அது உண்மைக்கு மேல் போர்த்திய பொய்.

இந்த வகைதான் மிகவும் ஆபத்தானது. செய்தியின் பாதியை நீங்கள் வானொலியிலும் கேட்டிருப்பீர்கள். அதனால் மீதியையும் நம்பிவிடுவீர்கள். உதவித்தொகை, சேமநிதி, வருமான வரி எதுவாக இருந்தாலும் அந்தத் துறையின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள், அல்லது அதன் அலுவலகத்துக்கே போங்கள். புலனத்தில் வந்த இணைப்பு உங்களை எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதை முடிவு செய்பவர் அதை எழுதியவர்.

திருமண அழைப்பிதழ் என்று சொல்லி ஏபிகே வகைக் கோப்பு வந்தால் திறக்கவே வேண்டாம். அது அழைப்பிதழ் அல்ல, உங்கள் கைப்பேசியில் அமர்ந்துகொள்ளும் செயலி.

அது அரசாங்க முகவரியா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் ஆங்கில எழுத்தாக இருக்கிறதே.

கடித உறையில் முகவரி எழுதுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டு எண் முதலில் வரும், ஊரும் மாநிலமும் கடைசியில் வரும். இணைய முகவரியும் அப்படித்தான். எந்த ஊர் என்பது கடைசியில் இருக்கிறது. இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அதற்கு இடப்பக்கமாகப் படியுங்கள். மலேசிய அரசாங்கத் தளங்கள் 'ஜிஓவி புள்ளி எம்ஒய்' என்று முடியும். அந்த எழுத்துகள் முகவரியின் நடுவில் சிறுகோடுகளோடு வந்து, முடிவில் 'காம்' என்றோ 'எக்ஸ்ஒய்இஸட்' என்றோ இருந்தால், கோலாலம்பூர் என்ற பெயரில் வேறெங்கோ கடை வைத்திருப்பது போன்றது அது.

பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். நீங்கள் அனுப்புவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதை மட்டுமே பூட்டு சொல்கிறது. போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர் நல்லவரா என்பது அதற்குத் தெரியாது.

அந்த நிறுவனத்தின் தளத்தை முழுக்கப் படித்துவிட்டேன். மாதம் 10 விழுக்காடு லாபமாம், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. இன்னும் என்ன பார்க்க வேண்டும்?

மாப்பிள்ளை எப்படி என்று மாப்பிள்ளை வீட்டாரிடமே விசாரிப்போமா? அக்கம்பக்கத்தில்தான் விசாரிப்போம். ஸ்டான்ஃபோர்டில் 2017-இல் வெளியான இன்னோர் ஆய்வில் 10 வரலாற்று அறிஞர்கள், 10 செய்திச் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள் ஆகியோர் இணையத்தளங்களை எப்படி எடைபோடுகிறார்கள் என்று கவனித்தார்கள். அறிஞர்களும் மாணவர்களும் தளத்துக்குள்ளேயே மேலிருந்து கீழாகப் படித்துப் பலமுறை ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ உடனே வெளியே வந்து, மற்றவர்கள் அந்தத் தளத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று வேறு பக்கங்களில் தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தார்கள்.

முதலீட்டுக்கு அக்கம்பக்கம் எது என்றால், பங்குப் பரிவர்த்தனை ஆணையமும் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியல்கள். ஒரு பெயர் அங்கே இல்லை என்பதால் மட்டும் அது நல்லதாகிவிடாது. உரிமம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஊழியர் சேமநிதி வாரியம் 2024-ஆம் ஆண்டு முழுமைக்கும் கொடுத்த இலாப ஈவு 6.30 விழுக்காடு. அவ்வளவு பெரிய வாரியம் ஓர் ஆண்டில் கொடுத்ததைவிட அதிகமாக ஒரே மாதத்தில் தருவதாகச் சொல்பவரிடம், அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

இந்தக் கஷாயம் சர்க்கரை நோயை அடியோடு போக்கும் என்று ஒரு டாக்டரே காணொளியில் சொல்கிறாரே?

வெள்ளை அங்கி யாருக்கும் கிடைக்கும். பிரபலமான மருத்துவர்களின் முகத்தையும் குரலையும் கணினியால் உருவாக்கியும் இப்போது விளம்பரம் செய்கிறார்கள். அவர் யார் என்பதைவிட, அந்தப் பொருள் எது என்று பார்ப்பது எளிது. இந்நாட்டில் விற்கப்படும் மருந்துக்கும் பாரம்பரிய மருந்துக்கும் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவு எண் வேண்டும். தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் தளத்தில் அந்த எண்ணைத் தேடினால் பொருளின் பெயர் வர வேண்டும். வேறு பொருளின் பெயர் வந்தால் எண் திருடப்பட்டது.

எண் சரியாகவே இருந்தாலும் நோய் தீரும் என்பதற்கு அது சான்றாகாது. 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் சர்க்கரை நோய், புற்றுநோய், இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா போன்றவற்றைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதையே தடை செய்கிறது. ஆகவே "அடியோடு போக்கும்" என்று ஒரு விளம்பரம் சொன்ன உடனேயே அது சட்டத்தை மீறிவிட்டது. சட்டத்தை மதிக்காதவர் உங்கள் உடலை மதிப்பார் என்று நான் நம்பவில்லை.

என் சின்னம்மா இப்படி ஒரு காணொளியை நம்பி நான்கு மாதம் மாத்திரையை நிறுத்தினார். காலில் வந்த புண் ஆறாமல் மருத்துவமனைக்குப் போனபோதுதான் எங்களுக்கே தெரியும். கஷாயம் குடிப்பதை மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். அவர் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். இதை நான் கடையில் கெஞ்சியே சொல்கிறேன்.

திருநள்ளாற்றுக்கு மேலே செயற்கைக்கோள் மூன்று வினாடி நிற்கிறது என்று நாசாவே ஒப்புக்கொண்டதாமே?

நாசா அப்படிச் சொல்லவில்லை. பூமிக்கு அருகில் சுற்றும் செயற்கைக்கோள் வினாடிக்கு ஏறத்தாழ ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகம்தான் அதைக் கீழே விழாமல் வைத்திருக்கிறது. மூன்று வினாடி நின்றுவிட்டுப் பழைய வேகத்தில் கிளம்ப அதனால் முடியாது.

இந்தச் செய்தியில் ஒரு பொதுவான அடையாளமும் உண்டு. 'நாசா', 'யுனெஸ்கோ', 'அமெரிக்க விஞ்ஞானிகள்' என்று பெரிய பெயர் இருக்கும். ஆளின் பெயர், நாள், அறிக்கையின் தலைப்பு எதுவும் இருக்காது. முன்பு சொன்னதுபோல, வாய் இல்லாத சொல்லுக்கு வாடகைக்கு எடுத்த வாய் அது. சனீஸ்வரனை வணங்க நாசாவின் சான்று எனக்குத் தேவைப்பட்டதில்லை. உங்களுக்கும் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

படமே இருக்கிறதே, அக்கா. கண்ணால் கண்டது பொய்யாகுமா?

படம் மெய்யாகவே இருக்கும். அதன் கீழே எழுதிய வரி பொய்யாக இருக்கும். ஆண்டிறுதி மழையில் பழைய வெள்ளப் படங்கள் புதிய ஊர்ப் பெயரோடு சுற்றுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கூகுள் லென்ஸில் படத்தைக் கொடுத்துத் தேடினால் அது முன்பு எங்கெல்லாம் வந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அதற்கு முன்பே கண்ணால் பார்க்க வேண்டியவையும் உண்டு. பேராக் வாகனங்களின் எண் 'ஏ' என்ற எழுத்தில் தொடங்கும், கெடாவில் 'கே', ஜொகூரில் 'ஜே'. நம் ஊர் என்று சொல்லப்படும் படத்தில் நிற்கும் பத்து வண்டியும் 'ஜே' என்றால் யோசிக்க வேண்டும்.

ஒருவர் பழைய கட்டடங்கள் உள்ள ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொண்டுவந்தார். 1948-இல் எடுத்த சுங்கை சிப்புட் என்று அதில் எழுதியிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோது கடைப் பலகையில் 'ஷாரிக்காட்' என்ற மலாய்ச் சொல் இருந்தது. அதன் 'ஷ' ஒலியை அந்தக் காலத்தில் 'எஸ்எச்' என்று எழுதினார்கள். 1972-இல் எழுத்துமுறை மாறிய பிறகுதான் 'எஸ்ஒய்' என்று எழுதத் தொடங்கினார்கள். பலகையில் இருந்தது 'எஸ்ஒய்'. படம் எந்த ஊருடையதாக இருந்தாலும் 1948-இல் எடுத்தது அல்ல.

அப்பா நேரில் பார்த்ததாகச் சொன்னது ஒன்று, இணையத்தில் இருப்பது வேறு. அப்பாவைப் பொய்யர் என்பதா?

இந்தக் கேள்வியைக் கேட்டவரின் தந்தை, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க 1948-இல் அறிவித்த அவசரகாலம் தொடங்கியபோது தோட்டத்தில் சிறுவனாக இருந்தவர். வெள்ளைக்காரத் துரைமார் ஐந்து பேர் ஒரே தோட்டத்தில் சுடப்பட்டதாக அவர் மகனிடம் சொல்லியிருந்தார். 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்ஃபில் தோட்டத்தில் ஒருவரும் பின் சூன் தோட்டத்தில் இருவருமாக மூவர் கொல்லப்பட்டார்கள் என்பதே பதிவு. இரண்டு நாளில் நாடு முழுவதற்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது.

தந்தை பொய் சொல்லவில்லை. எண்ணிக்கையை அவர் பார்க்கவில்லை, கேட்டார். பத்து வயதுப் பையனுக்கு லயத்தில் வந்து சேர்ந்தபோது மூன்று ஐந்தாகியிருந்தது. ஆனால் அன்றிரவு லயத்தில் விளக்கை அணைத்துவிட்டு யாரும் பேசாமல் படுத்திருந்ததாகவும், மறுநாள் லாரியில் சிப்பாய்கள் வந்ததாகவும் அவர் சொன்னவை அவர் கண்டவை. அவற்றை எந்த ஆவணமும் அவரைவிட நன்றாகச் சொல்லாது. ஒருவர் சொல்வதில் எது கண்டது, எது கேட்டது என்று பிரித்துக்கொண்டால் மரியாதையும் கெடாது, உண்மையும் கெடாது. நாளுக்கும் எண்ணிக்கைக்கும் ஆவணத்தைப் பாருங்கள். அந்த இரவு எப்படி இருந்தது என்பதற்கு அப்பாவின் பேச்சைப் பதிவு செய்து வையுங்கள்.

பத்திரிகையில் வந்தால் நம்பலாம்தானே?

பத்திரிகைக்கு முகவரி உண்டு, ஆசிரியர் உண்டு, தவறினால் கேட்க ஓர் இடம் உண்டு. அதனால் கூடுதலாக நம்பலாம். ஆனால் புலனத்தில் வருவது பத்திரிகை அல்ல, பத்திரிகை போன்ற படம். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளேடு 2019-இல் நின்றுவிட்டது. அதன் பெயரில் நேற்றைய செய்தித் துண்டு ஒன்று வந்தால் விடை உடனே தெரிந்துவிடும். மற்றவற்றுக்கு அந்தந்த நாளேட்டின் பக்கத்திலோ தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமாவிலோ அதே செய்தி இருக்கிறதா என்று பாருங்கள்.

செபெனார்ஞா தளத்தில் மறுப்பு இல்லை. அப்படியென்றால் உண்மைதானே?

இல்லை. தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017 மார்ச்சில் தொடங்கிய அந்தத் தளம் தன் கவனத்துக்கு வந்தவற்றை மட்டுமே மறுக்கிறது. மறுப்பு இருந்தால் பயன்படும். இல்லாவிட்டால் எதையும் காட்டாது. அது அரசாங்கத்தின் தளம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அரசாங்கமே ஒரு தரப்பாக இருக்கும் விவகாரத்தில் மற்றவர்கள் சொல்வதையும் சேர்த்துப் படிப்பதுதான் முறை.

விஞ்ஞானிகளே பொய் எழுதியிருக்கிறார்களே. பிறகு யாரைத்தான் நம்புவது?

எழுதியிருக்கிறார்கள். தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று, 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதிய ஒரு கட்டுரை 1998-இல் லான்செட் என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வந்தது. 2010-இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது. பன்னிரண்டு ஆண்டு தாமதம் பெரிய குற்றம்தான். ஆனாலும் மற்ற ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்ததாலும் ஒரு பத்திரிகையாளர் துருவி விசாரித்ததாலும் தவறு வெளிப்பட்டது. எழுதிய மருத்துவர் உரிமத்தை இழந்தார். திரும்பப் பெற்ற செய்தி இன்றும் யாரும் படிக்கும்படி இருக்கிறது. தவறே செய்யாத இடம் எது என்று தேடினால் கிடைக்காது. தவறியபோது அதை வெளியில் சொல்லித் திருத்திக்கொண்ட இடம் எது என்று தேடுங்கள். கஷாயக் காணொளிக்காரர் இதுவரை எதையாவது திருத்திச் சொன்னாரா என்று பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் சொல்லிவிடாதா?

சொல்லும், தடுமாறாமல் சொல்லும். தவறானதையும் அதே குரலில் சொல்லும். நம் வட்டாரத்துக் கோவில் ஒன்றின் குடமுழுக்கு எப்போது நடந்தது என்று கேட்டுப் பார்த்தேன். ஒரே கேள்விக்கு இரண்டு நாளில் இரண்டு ஆண்டுகளைச் சொன்னது. எங்கிருந்து எடுத்தாய் என்று கேளுங்கள், அது காட்டும் பக்கத்தை நீங்களே திறந்து படியுங்கள்.

மகனின் குரலேதான், அக்கா. விபத்து, உடனே பணம் அனுப்பு என்று அழுதான். எப்படிச் சந்தேகப்படுவது?

மகனைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே உள்ள மகனின் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். ஒருவரின் குரலை இப்போது இயந்திரமே அப்படியே பாவனை செய்துவிடும். மகனின் எண்ணில் போய்ப் பதில் பேசுவது அதற்குக் கடினம். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதும் நல்லது. கேட்கும் வங்கிக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் தேடினால், அதன் மீது ஏற்கெனவே புகார் உண்டா என்று தெரியும்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே உங்கள் வங்கிக்கோ, 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கோ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் தடுக்க முடிந்தால்தான் பயன். என் கடைக்கு மறுநாள் வந்து சொன்னவர்களுக்கு என்னால் புகார்க் கடிதம் தட்டச்சு செய்துதர மட்டுமே முடிந்தது.

பொய் என்று தெரியாமல் அனுப்பினாலும் பிடித்துப் போவார்களா?

பொய்ச் செய்திக்கென்று 2018-இல் வந்த தனிச் சட்டத்தை நீக்க 2019-இல் நாடாளுமன்றம் முடிவு செய்தது; அது இப்போது இல்லை. ஆனால் 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவு இன்னும் இருக்கிறது. பிறரைத் துன்புறுத்தும், மிரட்டும் நோக்கோடு பொய்யான உள்ளடக்கத்தை அனுப்புவது அதன்படி குற்றம். நோக்கம் இல்லை என்பதைப் பிறகு விளக்கிக்கொண்டிருப்பதைவிட, இனத்தையோ சமயத்தையோ ஒருவரின் மானத்தையோ தொடும் செய்தியைக் கையிலேயே நிறுத்திவிடுவது நல்லது.

குழுவில் அனுப்பியவர் பெரியவர், கோவில் தலைவர். எப்படித் திருத்துவது?

எல்லார் முன்னிலும் "இது பொய்" என்று போடாதீர்கள். தனியாக, "ஐயா, இதைப் பற்றித் தேடியபோது இந்தப் பக்கம் கிடைத்தது, பாருங்கள்" என்று அனுப்புங்கள். திருத்தத்தை அவர் கையாலேயே குழுவில் போட வழி விடுங்கள். நான் அறிந்த பெரியவர்களில் பலர் போட்டார்கள். போடாதபோது, உடல்நலமோ பணமோ சம்பந்தப்பட்ட செய்தி என்றால் மட்டும் நானே குழுவில் பணிவாக எழுதிவிடுகிறேன். அதனால் வரும் மனக்கசப்பை ஏற்றுக்கொள்கிறேன்.

நீங்கள் தவறாக அனுப்பியதே இல்லையா, அக்கா?

அனுப்பியிருக்கிறேன். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய வாரத்தில், இரவு ஹெலிகாப்டர் கிருமிநாசினி தெளிக்கப் போகிறது, துணிகளை உள்ளே எடுத்துவிடுங்கள் என்ற செய்தியை மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். பக்கத்து வீட்டுப் பாட்டி இருட்டில் கொடியில் இருந்த துணிகளை எடுக்கப் போய்ப் படியில் வழுக்கி விழுந்தார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை.

மறுநாள் மறுப்பு வந்ததும் செய்தியை அழித்தேன். ஆனால் அழித்தது என் மூன்று குழுக்களிலிருந்து மட்டும்தான்; அங்கிருந்து எடுத்துப் போனவர்களிடம் அது அப்படியே இருந்தது. அதனால் இப்போது தவறு நேர்ந்தால் நான் அழிப்பதில்லை. தவறான செய்தியையே சுட்டி, அதன் கீழே "நான் அனுப்பிய இது தவறு, சரியானது இது" என்று எழுதி, எடுத்துப் போனவர்கள் இதையும் அங்கே அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். பாட்டியிடம் மட்டும் நேரில் போய்ச் சொன்னேன்.